செபமாலை அணிந்த யாசகர்

யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்க்கை

அரச பலத்தினாற் பரவும் சமயமும் உண்டு. அரச பலம் முழுவதும் எதிர்த்து நிற்க, எளிய மக்களின் உள்ளத்திலே வேரூன்றி நிலைக்கும் சமயமும் உண்டு. கத்தோலிக்க வேதம் இவ்விரு நிலைகளையும் அடுத்தடுத்துக் கண்ட நாடு ஈழம். 1619ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் வாளோடு சிலுவையையும் கொணர்ந்தனர். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் பிற கோயில்களும் அவர்கள் கையால் இடிபட்டன. அக்காலத்திலே கத்தோலிக்கராயினாருள் உள்ளம் நிறைந்து வேதத்தை ஏற்றவரும் இருந்தனர். அச்சத்தாலும் ஆதாயத்தாலும் தலைசாய்த்தவரும் இருந்தனர். இன்னார் இன்னவர் என்பதை அக்காலம் காட்டவில்லை. அடுத்து வந்த காலமே காட்டிற்று.

1658ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர்களும் கிறித்தவர்களே, ஆயினும் கல்வீனின் போதனையைத் தழுவிய சீர்திருத்தச் சபையினர். கத்தோலிக்கக் குருமாரை அவர்கள் போர்த்துக்கேயரின் ஒற்றர்களாகவே கருதினர். குருமார் அனைவரும் நாடு கடத்தப்பட்டனர். குருவானவர் ஒருவருக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. கோயில்கள் சீர்திருத்தச் சபையாரின் பிரசங்க மண்டபங்களாயின. பிள்ளையின் ஞானஸ்நானமும், மணமக்களின் திருமணமும் அச்சபையின் தோம்பிலே பதியப்பட வேண்டும். பதியாதார்க்குச் சொத்துரிமையிலும் இடர் உண்டு. ஆகவே பகலிலே பெயரைப் பதிந்துவிட்டு, இரவிலே வீட்டின் உட்புறத்தில் விளக்கைத் தணித்துச் செபமாலை சொல்லும் வாழ்க்கை தொடங்கிற்று. பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, இறப்போருக்கு அவஸ்தைப்பூசுதல் இல்லை. இந்நிலை ஓராண்டு ஈராண்டன்று, ஏறத்தாழ இருபத்தொன்பது ஆண்டுகள் நீடித்தது. குருவானவர் ஒருவரையும் கண்ணாற் காணாத ஒரு தலைமுறையே தோன்றி வளர்ந்தது.

இந்த நிலையிலே யாழ்ப்பாண மண்ணை மிதித்தவர் யோசப் வாஸ் அடிகளார்.

கோவாவிற் பிறந்தவர்

அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்பிரில் 21ஆந் தேதி, கோவாவைச் சேர்ந்த பெனௌலிம் என்னும் ஊரிலே தாயின் இல்லத்திற் பிறந்தார். தந்தையின் ஊர் சங்கோலே. குடும்பம் பிராமண வழிவந்த கொங்கணிக் கத்தோலிக்கக் குடும்பம். போர்த்துக்கேய மொழியும் இலத்தீனும் கற்று, கோவா நகரிலே மேற்படிப்பை முடித்து, 1676ஆம் ஆண்டிற் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டு, தம்மைத் தேவமாதாவின் அடிமையாக ஒப்புவிக்கும் பத்திரமொன்றைத் தம் கையால் எழுதி வைத்துக்கொண்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தாறு.

ஈழத்துக் கத்தோலிக்கர் குருவானவரின்றித் தவிக்கும் செய்தி அவர் செவிக்கு எட்டியதும் இக்காலத்திலேயே. உடனே புறப்பட விரும்பினார். மேலதிகாரிகளோ அவரைக் கன்னட நாட்டுக் கரையோரத் திருச்சபைக்குப் பொறுப்பாளராக்கி அனுப்பினர். 1681 முதல் 1684 வரை அங்கே பணிபுரிந்தார். கோவாவுக்கு மீண்டபோது, உள்நாட்டுக் குருமார் சிலர் ஒன்றுகூடித் துறவு வாழ்க்கை நடத்தத் தொடங்கியிருந்ததைக் கண்டு, 1685ஆம் ஆண்டில் அவர்களோடு சேர்ந்தார். ஐரோப்பியத் துறவு மடங்கள் இந்நாட்டவரைத் தம்முள் ஏற்கத் தயங்கிய காலம் அது. அந்நிலையில் முழுவதும் இந்நாட்டவரைக் கொண்டே எழுந்த அந்தச் சிறிய ஓரத்தோரியன் சபை அவரையே தன் தலைவராக்கிற்று. ஆயினும் ஈழத்தின் நினைவு அவரை விட்டு அகலவில்லை. மறு ஆண்டே தலைமையைத் துறந்து, யோவான் என்னும் இளம் ஏவலாளர் ஒருவரை மட்டும் துணைக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டார்.

மாறுவேடம்

ஐரோப்பியக் குருவானவர் ஒருவர் அந்நாளில் ஈழக் கரையில் இறங்கியிருப்பாராயின் அன்றே பிடிபட்டிருப்பார். அடிகளாரின் நிறமும் தோற்றமும் இந்நாட்டவருடையவை. தூத்துக்குடியிலே தம் குருத்துவ உடையைக் களைந்து, இடுப்பிலே ஒரு துண்டும் வெறுங்காலுமாகக் கூலியாள் வேடம் பூண்டு, 1687ஆம் ஆண்டிற் கப்பலேறினார். கடலிலே புயலும் பசியும் அவரை வாட்டின. யாழ்ப்பாணத்தை அடைந்தபொழுது கடுமையான வயிற்றுளைவு நோய் அவரைப் பற்றிக்கொண்டது. தொற்றுநோய் என்று அஞ்சி ஊரார் ஒதுக்க, குருவும் ஏவலாளரும் ஊர்ப்புறத்தே கேட்பாரற்றுக் கிடந்தனர். இரக்கமுள்ள சிலர் வார்த்த கஞ்சியே அவர்களின் உயிரைக் காத்தது. வந்தவர் யார் என்பது அவர்களுக்குத் தெரியாது. பசித்தவன் என்பது மட்டுமே தெரியும். ஈழத்திலே அடிகளார் பெற்ற முதல் உபகாரம் இதுவே.

நோய் தணிந்ததும் வேறொரு சோதனை எதிர்ப்பட்டது. கத்தோலிக்கர் யார் என்பதை எவ்வாறு அறிவது? வாய்விட்டுக் கேட்டால் ஒற்றர் செவிக்கு எட்டும். கேளாதிருந்தால் வந்த காரியம் கைகூடாது. அடிகளார் கழுத்திலே செபமாலையை அணிந்து, வீடுதோறும் பிச்சையெடுக்கத் தொடங்கினார். பிச்சை இடுவோரின் கையை அவர் நோக்கவில்லை. செபமாலையைக் கண்டதும் அவர்தம் முகத்திலே தோன்றும் மாற்றத்தையே நோக்கினார். சில நாள் இவ்வாறு கழிந்தபின், மெய்யாகவே விசுவாசமுள்ள குடும்பமொன்றைக் கண்டுகொண்டு, தாம் குருவானவர் என்பதை வெளிப்படுத்தினார். அன்று தொட்டு இரவுகளிலே, அடைத்த கதவுகளுக்குள்ளே, யாழ்ப்பாணத்திற் பூசை மீண்டும் நடைபெறலாயிற்று. தமிழையும் அவர் கற்றார்.

சில்லாலை கொடுத்த விலை

வலிகாமத்திலுள்ள சில்லாலை, கத்தோலிக்கர் மிகுந்ததும் உறுதி தளராததுமான ஊர். அடிகளார் அங்கே தங்கிப் பிற ஊர்களுக்கு இரவிலே சென்று வந்தார். குருவானவர் ஒருவர் நடமாடுகின்றார் என்ற செய்தி நாளடைவிலே ஒல்லாந்தரின் செவிக்கு எட்டிற்று. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவு, மக்கள் பூசைக்குக் கூடியிருந்த வீடுகளைப் படைவீரர் வளைத்துக்கொண்டனர். பிடிபட்டோர் முந்நூறு பேர் வரையில் என்பர். தேடி வந்த குருவானவர் மட்டும் அவர்கள் கையில் அகப்படவில்லை.

பிடிபட்டோரைப் பலவாறு வருத்தியும் அவர் மறைந்திருக்கும் இடத்தை அறிய இயலவில்லை. அவர்களுள் முதன்மையானோர் சிலர் சாட்டையடிக்கும் விலங்குக்கும் கோட்டையிலே கடுந்தொழிலுக்கும் ஆளாயினர். சீர்திருத்தச் சபையைச் சார்ந்திருந்து மீண்டும் கத்தோலிக்கரான டொன் பேதுரு என்பார் அடியின் கொடுமையினால் உயிர்துறந்தார்.

அடிகளாரின் வரலாற்றைப் படிப்போர் இவ்விடத்திலே நின்று சிந்தித்தல் வேண்டும். குருவானவர் வராதிருந்தால் இம்மக்கள் அடிபட்டிரார். டொன் பேதுரு இறந்திரார். தாம் தேற்ற வந்த மக்களுக்குத் தம் வருகையே துன்பமாய் முடிந்ததை அடிகளார் நேரிலே கண்டார். ஒருவன் தன் விசுவாசத்திற்காகத் தானே துன்புறுதல் ஒருவகைத் துணிவு. தன்பொருட்டுப் பிறர் துன்புறுவதைக் கண்டும் தொடங்கிய பணியைக் கைவிடாதிருத்தல் அதனினும் அரிய துணிவு. அவர் கோவாவுக்குத் திரும்பியிருக்கலாம், திரும்பவில்லை. தம்மை மறைப்போருக்கு இடர் நேராத இடத்தைத் தேடி, 1690ஆம் ஆண்டிலே கண்டி மன்னனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்தை அடைந்தார். சில்லாலை மக்களின் துணிவோ அவருடைய துணிவுக்கு ஒரு சிறிதும் குறைந்ததன்று. அவர் ஒருவருக்கு மறைவிடம் தேவைப்பட்டது. முந்நூறு பேர் அம்மறைவிடமாய் நின்றனர்.

கண்டிச் சிறையும் வைசூரியும்

1692ஆம் ஆண்டு கண்டி நகரை அடைந்த அடிகளாரைச் சிறையே வரவேற்றது. அரசவையோடு தொடர்புடைய பிரெஞ்சு தேசத்துக் கல்வீனியர் ஒருவர், இவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று மன்னனிடம் முறையிட்டதே காரணம். உடன்வந்த கத்தோலிக்கர் இருவரும் அவரோடு சிறைப்பட்டனர். சிறைக் காலத்தை அவர் வீணாக்கவில்லை. அங்கேயே சிங்கள மொழியைக் கற்றார். காவல் சற்றுத் தளர்ந்ததும் ஓலைக் குடிசையொன்றைக் கட்டி அதனையே கோயிலாக்கினார். மழை பொய்த்த காலத்தில் அடிகளார் சிலுவை நாட்டி மன்றாட மழை பொழிந்தது என்பது கத்தோலிக்கரிடையே வழிவழியாக வரும் வரலாறு.

மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்தன். பௌத்த சமயத்தைப் பேணி வளர்த்தவன். அவனுடைய நாட்டிலேதான் கிறித்தவராகிய ஒல்லாந்தரால் துரத்தப்பட்ட கத்தோலிக்கக் குருவானவர் நிழல் பெற்றார். இந்த உண்மை நம் நாட்டின் சமய வரலாற்றிலே மறக்கத்தகாத ஒன்று.

1697ஆம் ஆண்டளவிலே கண்டியில் வைசூரி பரவிற்று. நோயுற்றோரைக் காடுகளிலே விட்டுவிட்டு உற்றாரும் அகன்றனர். வசதியுடையோர் நகரைத் துறந்தனர். அடிகளாரும், கோவாவிலிருந்து வந்து சேர்ந்த யோசப் கார்வாலோ அடிகளும் அகலவில்லை. கைவிடப்பட்டோருக்குக் குடிசைகள் அமைத்தனர்; கஞ்சி காய்ச்சி ஊட்டினர்; புண்களைக் கழுவினர்; இறந்தோரைத் தம் கையாலே புதைத்தனர். பௌத்தர், கத்தோலிக்கர் என்ற வேறுபாடு அங்கே பார்க்கப்படவில்லை. யாழ்ப்பாணத்தார் வார்த்த கஞ்சியின் கடன் கண்டியிலே தீர்க்கப்பட்டது எனலாம். நாடெங்கும் போதிக்கும் முழு உரிமையை மன்னன் அவருக்கு அளித்தற்கு இத்தொண்டே காரணமாயிற்று.

தமிழுக்கு வந்த பயன்

அதன்பின் கோவாவிலிருந்து குருமார் மேலும் சிலர் வந்தனர். அடிகளார் நாட்டைப் பகுதிகளாக வகுத்து ஒவ்வொருவருக்கும் பொறுப்பளித்தார். தாமும் மாறுவேடத்திற் கொழும்பு முதலிய ஒல்லாந்தர் எல்லைகளுட் புகுந்து, கலங்கியிருந்தோரைத் திடப்படுத்தினார். 1705ஆம் ஆண்டில் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் நூல் எழுத ஊக்கியவரும் இவரே. தமிழ் வசனநடையின் வரலாற்றைக் கற்போர் சாங்கோபாங்கர் என்று அறிந்திருப்பவர் இந்தக் கொன்சால்வெஸ் அடிகளே. கோயில் கட்டவியலாத இடத்திலே ஏட்டுப் பிரதி கோயிலாகும்; குருவானவர் செல்லவியலாத வீட்டிலே நூல் குருவாகும். இதனை உணர்ந்தே அச்சிறுசபை எழுத்துப்பணியை வளர்த்தது.

இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு மேலாக ஈழத்தில் உழைத்த அடிகளார், 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆந் தேதி கண்டியிலே உயிர்நீத்தார். தாய்நாட்டை அவர் மீண்டும் காணவேயில்லை. கண்டியிலே அடக்கம் செய்யப்பட்ட அவரது கல்லறை, பின்வந்த அரசியல் மாற்றங்களால் அடையாளமற்றுப் போயிற்று.

ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் ஒழிந்தது. அவர்களுடைய தோம்புகளிலே சீர்திருத்தச் சபையினராகப் பதியப்பட்டிருந்த பெருந்தொகையினர், ஆட்சி மாறியதும் சிலகாலத்துக்குள் அச்சபையை விட்டு நீங்கினர். அது அச்சபையின் போதனைக்கு நேர்ந்த குறையன்று. சட்டத்தைக்கொண்டு விசுவாசத்தை வளர்க்க முயன்றதன் விளைவு. போர்த்துக்கேயரும் அதே பிழையையே செய்தனர். மாறாக, கத்தோலிக்கர் எஞ்சினர். அவர்களுக்கெதிரான சட்டங்களை ஆங்கில அரசு 1806ஆம் ஆண்டிலே நீக்கியபோது, விடுதலை பெறுவதற்கு அங்கே ஒரு மக்கட்கூட்டம் இருந்தது.

1995இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்ட அடிகளாருக்கு, 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆந் தேதி கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிஸ் புனிதர் பட்டம் வழங்கினார். அவருடைய பெயரை உலகத் திருச்சபை இன்று அறியும். நத்தார் இரவிலே விலங்கு பூண்ட சில்லாலை மக்களுட் பெரும்பாலாரின் பெயர்களோ எந்த ஏட்டிலும் இல்லை. அடிகளாரை நினைக்குந்தோறும் அவர்களையும் உடன்வைத்து நினைத்தலே முறை.