கிட்டாரின் தலை ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது? வாசிக்கத் தெரியாத ஒருவர் வரைந்த வடிவத்தின் கதை

புக்கிட் மேராவில் இருக்கீங்களா? ரெட்ஹில் நிலையத்தில் கிழக்கு-மேற்கு ரயிலில் ஏறுங்க. ஐந்தாவது நிறுத்தம் சிட்டி ஹால். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பெனின்சுலா கடைத்தொகுதி. கிட்டார் வாசிக்கும் நண்பர் யாராவது இருந்தால், இந்நேரம் உங்களை ஒருமுறையாவது அங்கே இழுத்துட்டுப் போயிருப்பார்.

கடைச் சுவரில் தொங்கும் எலெக்ட்ரிக் கிட்டார்களைப் பாருங்க. நிறுவனத்தின் பெயரை விரலால் மறைச்சாலும் உங்க நண்பர் சட்டென்று சொல்லிடுவார்: இது ஃபெண்டர், அது கிப்சன், ஓரத்தில் இருப்பது ஐபனேஸ். அவர் கிட்டாரின் உடலைப் பார்த்துச் சொல்லவில்லை, தலையைப் பார்த்துச் சொல்கிறார்.

கழுத்தின் நுனியில், கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ஆணிகள் இருக்கும் பகுதிதான் தலை, அதாவது ஹெட்ஸ்டாக். வீணையில் பிரடைகள் செருகியிருக்கும் இடம் செய்யும் அதே வேலை. ஒலிக்காக நாம் காசு கொடுப்பது உடலுக்கும் பிக்கப்புக்கும்தான். ஆனால் கடந்த எழுபது, எண்பது ஆண்டுகளில் வழக்கறிஞர்கள் அதிகம் சண்டை போட்டது இந்தத் தலைக்காக. அந்தச் சண்டையில் தன் சொந்த வடிவத்தையே இழந்தவர் ஒருவர் உண்டு. லியோ ஃபெண்டர்.

ரேடியோ கடைக்காரர்

1909ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில், ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர் லியோ. எட்டு வயதில் ஒரு கட்டியால் இடது கண்ணை இழந்தார். வாழ்நாள் முழுதும் அங்கே கண்ணாடிக் கண்தான்.

படித்தது கணக்கியல். கணக்கர் வேலையும் பார்த்தார். பெரும் பொருளாதார மந்தம் வந்தது, வேலை போனது. 1938ல் 600 டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை திறந்தார். உள்ளூர் இசைக்கலைஞர்கள் ஒலிபெருக்கியை, ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு அங்கே வர ஆரம்பித்தாங்க. என்ன ரிப்பேர், எது அடிக்கடி உடைகிறது, எது மேடையில் கழுத்தறுக்கிறது என்பதெல்லாம் அவர் காதில் விழுந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், லியோவுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கடைசிவரை கற்றுக்கொள்ளவும் இல்லை. சின்ன வயதில் சாக்ஸஃபோன் வாசித்திருக்கிறார், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் அதுதான் அவருடைய பலம். வாசிக்கத் தெரிந்தவருக்குக் கிட்டார் என்றால் இப்படித்தான் இருக்கணும் என்ற பாரம்பரியம் கண்ணை மறைக்கும். லியோ அதை ஒரு ரேடியோவைப் பார்ப்பது போலப் பார்த்தார். எந்தப் பாகம் கெடும்? கெட்டால் எப்படிக் கழற்றி மாட்டுவது?

பழைய தலையில் என்ன கோளாறு?

அந்தக் காலக் கிட்டார் தலையில் இந்தப் பக்கம் மூன்று ஆணி, அந்தப் பக்கம் மூன்று ஆணி இருக்கும். கழுத்திலிருந்து தலை பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். கிப்சன் கிட்டார்களில் அந்தச் சாய்வு பொதுவாக 17 பாகை. கம்பி நட்டின் மேல் அழுத்தி உட்கார சாய்வு உதவும். நட் என்பது கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை.

சாய்வால் இரண்டு தொல்லை. ஒன்று, சாய்ந்த தலையையும் கழுத்தையும் ஒரே துண்டாகச் செதுக்க தடித்த மரக்கட்டை வேண்டும், பாதி மரம் வீண். இரண்டு, வளைவில் மரத்தின் இழை குறுக்கே வெட்டுப்படுவதால் அந்த இடம் பலவீனமாகிவிடும். கிட்டார் ஸ்டாண்டிலிருந்து சரிந்து விழுந்து தலை முறிந்த கதை கிப்சன் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் வரும்.

மூன்றுக்கு மூன்று அமைப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. நடுக் கம்பிகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் வளைந்து ஆணிக்குப் போகும். வளையும் இடத்தில் உராய்வு. கம்பியை இழுத்து வாசித்துவிட்டு விட்டால் பழைய இடத்துக்கு முழுசாகத் திரும்பாது. சுருதி விலகிடும்.

லியோவின் விடை ஒரு தட்டைப் பலகை. சாய்வே கிடையாது. மேப்பிள் மரப் பலகை ஒன்றிலிருந்து கழுத்தும் தலையும் சேர்த்து அறுத்தெடுக்கலாம். ஆறு ஆணியும் ஒரே பக்கம். கம்பிகள் நேர்கோட்டில் ஆணிக்குப் போகும். நின்றுகொண்டு வாசிப்பவர் ஒரே கையை மேலே நீட்டி எல்லா ஆணியையும் திருகலாம். கழுத்து உடலோடு நான்கு திருகாணிகளால் இணைக்கப்பட்டது. கழுத்து கோணினால், கழற்றி வேறொன்று மாட்டு, வேலை முடிந்தது.

சாய்வு இல்லாததற்கு ஒரு விலையும் இருந்தது. தூரத்து ஆணிகளுக்குப் போகும் மெல்லிய கம்பிகள் நட்டில் சரியாக அழுந்தவில்லை. அதனால் தலையில் ஒரு குட்டி உலோகப் பிடியை அறைந்து கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்தார். அழகாக இருக்காது. ஆனால் வேலை செய்யும். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

ஆறும் ஒரே பக்கம் என்ற யோசனை லியோவுடையதா? இது பெரிய சர்ச்சை. 19ஆம் நூற்றாண்டில் வியன்னாவின் யோஹான் ஷ்டாஃபர் அப்படிக் கிட்டார் செய்திருக்கிறார். 1948ல் பால் பிக்ஸ்பி என்பவர் பாடகர் மெர்ல் ட்ராவிஸுக்குச் செய்துகொடுத்த எலெக்ட்ரிக் கிட்டாரிலும் ஆறும் ஒரே பக்கம்தான். அதன் தலையையும் பின்னர் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தலையையும் அருகருகே வைத்துப் பாருங்க. அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். லியோவோ, குரோஷிய நாட்டுப்புறக் கருவிகளைப் பார்த்து வந்த யோசனை என்றார். யார் சொல்வது சரியென்று இங்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அதை மலிவாக, ஆயிரக்கணக்கில் செய்து காட்டியவர் லியோ.

பெயரும் போனது

1950ல் வந்த கிட்டாருக்கு லியோ நிறுவனம் வைத்த பெயர் பிராட்காஸ்டர். ஒலிபரப்பு நிறுவனத்தில் வேலை பார்க்கும் எங்களுக்கு இந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும்! ஆனால் கிரெட்ஷ் நிறுவனம் கிட்டத்தட்ட அதே பெயரில் டிரம்ஸ் விற்றுக்கொண்டிருந்தது. எதிர்ப்புத் தெரிவித்தது. புதுப் பெயர் முடிவாகும்வரை வேலையை நிறுத்தவில்லை. தலையில் ஒட்டும் லோகோவிலிருந்து பிராட்காஸ்டர் என்ற சொல்லை மட்டும் வெட்டிவிட்டு, ஃபெண்டர் என்பதை மட்டும் ஒட்டி விற்றாங்க. அந்த வெறுந்தலைக் கிட்டார்களைச் சேகரிப்பாளர்கள் நோகாஸ்டர் என்று அழைக்கிறார்கள், விலையும் எக்கச்சக்கம். 1951ல் அது டெலிகாஸ்டர் ஆனது.

1954ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர். தலை கொஞ்சம் பெரிதானது, நுனியில் ஒரு சுருள் வளைவு. கம்பிகளை மொத்தமாகத் தளர்த்தி இறுக்கும் நெம்புகோல் இதில் உண்டு. நேர்கோட்டுக் கம்பியின் அருமை அதை அசைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பிரிட்டனில் 1951லிருந்து 1959வரை அமெரிக்க இசைக்கருவிகளை இறக்குமதி செய்யத் தடை. 1959ல் பாடகர் கிளிஃப் ரிச்சர்ட், தன் குழுவின் கிட்டார் கலைஞர் ஹேங்க் மார்வினுக்காக அமெரிக்காவிலிருந்து ஒரு சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரை வரவழைத்தார். அந்தக் கிட்டாரோடுதான் ஷேடோஸ் குழுவின் பெயரும் பரவியது. 1961ல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸும் சிங்கப்பூருக்கு வந்தபோது இங்கே இளையர்களுக்குக் கிட்டார் பித்து பிடித்தது.

புக்கிட் மேராவுக்கு அடுத்த வட்டாரம் குவீன்ஸ்டவுன். அங்குள்ள தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தொடங்கிய குழுதான் தி குவெஸ்ட்ஸ். 1964ல் அவர்கள் வெளியிட்ட ஷாண்டி, வரிகளே இல்லாத கிட்டார் இசை. சிங்கப்பூர்த் தரவரிசையில் பீட்டில்ஸ் பாடலைக் கீழே தள்ளிவிட்டு முதலிடத்துக்குப் போனது. அதில் லீட் கிட்டார் ரெஜி வர்கீஸ். உங்க தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்க, காலில் தாளம் போடுவாங்க.

13 மில்லியன் டாலர் விற்பனை

1950களின் நடுவிலிருந்தே லியோவுக்குத் தீராத சைனஸ் தொற்று. இனி நிறுவனத்தை நடத்த உடம்பு தாங்காது என்று நினைத்தார். 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனத்துக்கு விற்றார், 13 மில்லியன் டாலருக்கு. பிறகு வேறொரு மருத்துவர் பார்த்து நோய் குணமாகிவிட்டது. விதி என்று சொல்வதா, என்ன சொல்வது?

சிபிஎஸ் ஓர் ஒளிபரப்பு நிறுவனம். அந்த ஆண்டின் பிற்பகுதியிலேயே ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தலை பெருத்தது. லோகோ பெரிதாகத் தெரிய, குறிப்பாகத் தொலைக்காட்சியில் தெரிய என்பதுதான் இதற்கு அதிகம் சொல்லப்படும் காரணம். ஒலியில் முன்னேற்றம் எதுவும் இல்லை. 1969ல் வுட்ஸ்டாக் மேடையில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசித்தது அந்தப் பெரிய தலைக் கிட்டாரைத்தான். இடக்கைக்காரரான அவர் வலக்கைக் கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டிக்கொண்டதால் ஆணிகள் கீழ்ப்பக்கம் வந்தன. அதைப் பார்த்து, வேண்டுமென்றே தலையைத் திருப்பி வைத்துச் செய்யும் கிட்டார்கள் பின்னால் வந்தன.

1985ல் ஃபெண்டர் ஊழியர்கள் குழு ஒன்று நிறுவனத்தை 12.5 மில்லியன் டாலருக்கு வாங்கியது. இருபது வருடம் கழித்து, வாங்கியதைவிடக் குறைந்த விலைக்கு விற்றது சிபிஎஸ்! சின்னத் தலை அதற்குள் திரும்பி வர ஆரம்பித்திருந்தது.

இதற்கிடையே மற்றவர்களும் சும்மா இல்லை. ஜப்பானின் ஐபனேஸ், கிப்சன் தலையை அப்படியே நகலெடுத்தது. 1977ல் கிப்சனின் தாய் நிறுவனம், ஐபனேஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டது. ஆனால் அதற்குள் ஐபனேஸ் தனக்கென ஒரு தலையை வரைந்துவிட்டிருந்தது. 1980களில் ஹெவி மெட்டல்காரர்களுக்குக் கூரான தலை. புக்கிட் மேரா கதையில் வரும் வாள்மீனின் மூக்கு மாதிரியே இருக்கும். அதே சமயத்தில் நெட் ஸ்டைன்பெர்கர் தலையையே வெட்டி எறிந்துவிட்டு, ஆணிகளை உடலின் அடியில் கொண்டுபோய் வைத்தார்.

தன் தலையைத் தானே வரைய முடியாதவர்

உடம்பு தேறிய லியோவால் சும்மா இருக்க முடியவில்லை. போட்டித் தொழில் செய்யக்கூடாது என்ற ஒப்பந்தக் காலம் முடிந்ததும், 1975ல் மியூசிக் மேன் நிறுவனத்தின் தலைவரானார். அடுத்த ஆண்டு ஸ்டிங்ரே பேஸ் கிட்டார் வந்தது. அதில் நாலு கம்பி. தலையில் ஒரு பக்கம் மூன்று ஆணி, மறுபக்கம் ஒன்று. நாலும் ஒரே பக்கம் இருக்கும் தலையை 1951லேயே உலகத்துக்குக் கொடுத்தவர் அவர். ஆனால் அது இப்போது இன்னொருவரின் சொத்து. அவரால் தொட முடியாது.

1980ல் பழைய கூட்டாளி ஜார்ஜ் ஃபுல்லர்டனோடு சேர்ந்து ஜி அண்ட் எல் நிறுவனம். ஜார்ஜ், லியோ என்ற முதல் பெயர்களின் எழுத்துகள். ஃபெண்டர் என்ற பெயரை விற்றாயிற்றே! தலையில் ஆறும் ஒரே பக்கம், ஆனால் விளிம்பில் வேறு மாதிரி ஒரு கொக்கி வளைவு. 1985ல் அங்கே ஒரு கிட்டாருக்குப் பிராட்காஸ்டர் என்று பெயர் வைத்தாங்க. இந்த முறை எதிர்த்தது ஃபெண்டர் நிறுவனம். ஒரே பெயரை இரண்டாவது முறையும் விட்டுக்கொடுத்தார் லியோ. கிட்டார் ஏசாட் என்று மாறியது. அந்தத் தொழிற்கூடம் இருந்த தெருவின் பெயர் என்ன தெரியுமா? ஃபெண்டர் அவென்யூ.

பார்க்கின்சன்ஸ் நோய் வந்த பிறகும் வேலைக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை. 1991 மார்ச் 21ஆம் தேதி ஃபுல்லர்டனில் இறந்தார். வயது 81. அடுத்த ஆண்டு ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

2009ல் ஃபெண்டர் நிறுவனம், ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர், பிரிசிஷன் பேஸ் உடல் வடிவங்களுக்கு அமெரிக்காவில் வணிகச்சின்னம் கேட்டுத் தோற்றது. பல பத்தாண்டுகளாக எல்லாரும் நகலெடுத்துவிட்டதால் அது பொதுவான வடிவமாகிவிட்டது என்று முடிவானது. தலை வடிவம் மட்டும் பதிவுபெற்ற வணிகச்சின்னமாக நிறுவனத்தின் கையில் இருக்கிறது. கடையில் உடல் அச்சு அசல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரியும், தலை மட்டும் ஏதோ கடித்து வைத்தது மாதிரியும் ஒரு கிட்டாரைப் பார்த்தால், காரணம் இதுதான். அதே தலை வடிவத்தில், லோகோ இல்லாமல் ஒரு கழுத்து மட்டும் தனியாக விற்பனைக்கு வந்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்க. ஃபெண்டரின் உரிமம் பெற்றது என்ற முத்திரை இருக்கா என்று பார்த்துவிட்டு அப்புறம் பணத்தைக் கொடுங்க.