வித்தைக்காரச் சிறுவன் புனிதரானார்

ஆயகலைகள் அறுபத்து நான்கு என்பர் நம் முன்னோர். அவற்றுள் இந்திரஜாலமும் ஒன்று. வெறுங்கையில் காசு தோன்றுவதையும், கண்ணெதிரே வைத்த பந்து காணாமற் போவதையும் பார்த்து வாய் பிளக்காதவர் யார்? ஆனால் வித்தை காட்டுபவனைச் சந்தைக் கூட்டத்தில் ஒருவனாக நினைப்போமே அன்றி, பீடத்தில் வைத்து வணங்கப்படும் புனிதராக நினைக்க மாட்டோம். அப்படி ஒருவர் இருந்தார். காசையும் முட்டையையும் கோலையும் கொண்டு வித்தை காட்டி, அந்த வித்தையாலேயே சிறுவர்களை நல்வழிக்கு அழைத்த அவர்தான் புனித தொன் போஸ்கோ.

இளமையும் வறுமையும்

இத்தாலி நாட்டின் வடபகுதியாகிய பியட்மாண்டில், கஸ்தெல்நுவோவோ என்ற ஊரை அடுத்த பெக்கி என்னும் சிற்றூரில், 1815-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் ஜான் போஸ்கோ பிறந்தார். தந்தை பிரான்சிஸ் ஓர் ஏழை உழவர். ஜானுக்கு இரண்டு வயது நிரம்புவதற்குள், 1817-இல், அவர் காய்ச்சல் கண்டு இறந்தார். தாய் மார்கரீத்தா அம்மையார் எழுத்தறியாதவர். மூத்தாள் மகன் அந்தோணி, தம் பிள்ளைகள் ஜோசப், ஜான், முதிய மாமியார் ஆகிய அனைவரையும் அவர் ஒருவரே உழைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

ஜானுக்கு ஒன்பது வயதில் ஒரு கனவு வந்தது. முரட்டுச் சிறுவர் பலர் சண்டையிட்டுக் கெட்ட வார்த்தை பேசுகின்றனர். ஜான் அவர்கள் மேல் பாய்ந்து அடிக்கப் போகிறான். அப்போது ஒளிமயமான ஒருவர் தோன்றி, அடியால் அல்ல, அன்பாலும் சாந்தத்தாலும் இவர்களை நண்பர்களாக்கிக்கொள் என்று அவனுக்குச் சொல்கிறார். அந்தக் கனவை ஜான் மறக்கவே இல்லை. ஆனால் பிற சிறுவர்களை அழைத்து நிறுத்த ஓர் ஏழைப் பையனிடம் என்ன இருக்கிறது? அதற்கு அவன் கண்டுபிடித்த வழிதான் வித்தை.

சந்தையில் கற்ற பாடம்

அக்காலத்தில் சந்தை கூடும் நாட்களில் கழைக்கூத்தாடிகளும் செப்பிடு வித்தைக்காரர்களும் வந்து கூட்டம் சேர்ப்பர். ஜான் தாயின் அனுமதியோடு சந்தைக்குச் செல்வான். மற்றவர்கள் வித்தைக்காரன் காட்டிய இடத்தைப் பார்த்தனர். ஜான் வித்தைக்காரன் காட்டாத இடத்தைப் பார்த்தான். வலக்கை உயரும்போது இடக்கை எங்கே போகிறது, அவன் வேடிக்கையாகப் பேசிச் சிரிக்க வைக்கும் நேரத்தில் விரல்கள் என்ன செய்கின்றன என்று கண் இமைக்காமல் கவனித்தான். பிறகு வீட்டுக்கு வந்து, அதே அசைவு கைக்கு வரும் வரை பழகினான். கயிற்றின் மேல் நடக்கவும் குட்டிக்கரணம் போடவும் பழகும்போது எத்தனையோ முறை விழுந்து அடிபட்டான். ஆயினும் விடவில்லை.

நமது மொழியில் செப்பிடு வித்தை என்ற சொல்லே இக்கலையின் இயல்பைக் காட்டுகிறது. செப்பு என்பது சிமிழ். சிமிழைக் கவிழ்த்துப் பந்தை மறைப்பதும், வேறு சிமிழின் அடியில் அதைத் தோன்றச் செய்வதும் உலகெங்கும் உள்ள பழைய வித்தை. பார்ப்போர் அறியாத ஒரு பந்து வித்தைக்காரன் கையில் கூடுதலாக இருக்கும். அவ்வளவுதான் இரகசியம்! காசு மறையும் வித்தையும் அத்தகையதே. வலக்கையில் உள்ள காசை இடக்கைக்கு மாற்றுவதுபோல் பாவனை செய்ய வேண்டும். காசோ வலக்கையிலேயே, கட்டைவிரலின் அடிச்சதைக்கும் எதிர்ப்புற உள்ளங்கைச் சதைக்கும் இடையில் பிடிபட்டு நிற்கும். வித்தைக்காரன் தன் வெறும் இடக்கையையே உற்றுப் பார்ப்பான். அவன் பார்க்கும் இடத்தையே நாமும் பார்ப்போம். கையை விரித்தால் காசு இல்லை! இதைச் சொல்வது எளிது. ஒருமுறை செய்து பாருங்கள், எத்தனை நாள் பழக்கம் வேண்டும் என்பது புரியும்.

புல்வெளியில் காட்சி

பெக்கியில் ஜானின் வீட்டை அடுத்து ஒரு புல்வெளி இருந்தது. அங்கே நின்ற பேரிக்காய் மரத்திலிருந்து மற்றொரு மரத்துக்குக் கயிறு கட்டுவான். ஒரு சிறு மேசை, ஒரு பை, தரையில் விரிக்க ஒரு விரிப்பு. இவையே அவனுடைய அரங்கம். ஞாயிறு மாலையில் அண்டை அயலார் சிறியோரும் பெரியோருமாய்க் கூடுவர். கட்டணம் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. முதலில் எல்லோரும் செபமாலை சொல்ல வேண்டும். ஒரு பாடல் பாட வேண்டும். பின்பு ஜான் நாற்காலி மேல் ஏறி, அன்று காலை கோயிலில் கேட்ட பிரசங்கத்தை நினைவிலிருந்து திரும்பச் சொல்வான். செபத்துக்கு வராதவனுக்கு வித்தை பார்க்க இடமில்லை.

அதன் பிறகே காட்சி. காசை விழுங்கி, பார்ப்பவர் மூக்கு நுனியிலிருந்து எடுப்பான். பந்துகளையும் முட்டைகளையும் பெருக்கிக் காட்டுவான். தண்ணீரைத் திராட்சை இரசமாக்குவான். கோழியை அறுத்துப் பின் உயிரோடு கூவ வைப்பான். கயிற்றில் பாதையில் நடப்பதுபோல் நடந்து, ஒற்றைக் காலால் தலைகீழாகத் தொங்குவான். அப்போது அவனுக்கு வயது பதினொன்றுதான்.

இவற்றுக்கான செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பிறர் கொடுத்த சில்லறைக் காசுகளைத் தின்பண்டத்துக்குச் செலவிடாமல் சேர்த்தான். பறவைகளைப் பிடித்து விற்றான். காளான் பொறுக்கி விற்றான். தாய் அவனுடைய திட்டங்களை அறிந்து, மறுக்காமல் துணை நின்றார்.

ஆனால் அண்ணன் அந்தோணிக்கு இவையெல்லாம் வீண் வேலையாகத் தோன்றின. தம்பி புத்தகம் கையில் எடுப்பதையும் அவன் பொறுக்கவில்லை. வீட்டில் சச்சரவு முற்றவே, 1828-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடுங்குளிரில், பன்னிரண்டு வயது ஜான் வீட்டைவிட்டு வெளியேறி மோலியா என்பவரின் பண்ணையில் வேலைக்காரப் பையனானான். பின்னர் கலோசோ என்ற முதிய குரு அவனுக்கு இலத்தீன் கற்பித்தார். அவரும் 1830-இல் திடீரென இறந்தார். துன்பத்தின் மேல் துன்பம் வந்தபோதும் குருவாக வேண்டும் என்ற ஆசையை ஜான் கைவிடவில்லை.

சூனியக்காரன் என்ற பழி

1831-இல் ஜான் கியேரி நகரப் பள்ளியில் சேர்ந்தார். தம்மைவிடச் சிறிய பையன்களோடு உட்கார்ந்து படித்தார். சிற்றுண்டிக் கடையில் பணியாளாக இருந்து செலவைச் சமாளித்தார். நண்பர்களைச் சேர்த்து ‘மகிழ்ச்சிக் குழு’ என்ற சங்கம் தொடங்கினார். பாவமும் சோகமும் அக்குழுவில் நுழையக் கூடாது என்பதே அதன் சட்டம்.

பிறகு குமீனோ என்ற தையற்காரர் வீட்டில் ஜான் தங்கினார். குமீனோ நல்ல பக்தர், வேடிக்கையில் பிரியமுள்ளவர், ஆனால் வெகுளி. தம் பெயர்கொண்ட புனிதரின் திருநாளுக்கு அவர் கோழிக்கறி சமைத்து மேசைக்குக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்தால் உயிருள்ள சேவல் சிறகடித்து வெளியே குதித்தது! இன்னொரு நாள் வெகுநேரம் வேகவைத்த சேமியா போன்ற உணவு, தட்டில் கொட்டும்போது உலர்ந்த தவிடாக விழுந்தது. புட்டியில் ஊற்றிய இரசம் தண்ணீராயிற்று. பழப் பாகு ரொட்டித் துண்டாயிற்று. பணப்பையில் இருந்த காசு துருப்பிடித்த தகரமாயிற்று.

பொருளை மாற்றி வைக்கும் கைவேகமும், பார்ப்பவர் கவனத்தைத் திருப்பும் பேச்சும் இருந்தால் இத்தகையவை முடியும். ஆனால் குமீனோவுக்கு அச்சம் பிடித்தது. மனிதனால் இது ஆகாது. கடவுளும் இப்படி விளையாட மாட்டார். ஆகவே இது பேயின் வேலை என்று முடிவு கட்டினார். வீட்டாரிடம் சொல்ல அஞ்சி, ஒரு குருவிடம் சென்று முறையிட்டார். செய்தி பேராலயத் தலைமைக் குருவாகிய புர்சியோ அடிகளாரை எட்டியது. அவர் கற்றவர், கண்டிப்பானவர். ஜானை விசாரணைக்கு அழைத்தார்.

இது விளையாட்டான காரியம் அன்று. குருமடத்தில் சேர விரும்பும் ஓர் ஏழை மாணவன் மேல் சூனியக்காரன் என்ற பழி நிலைத்துவிட்டால், அவனுக்கு எந்தக் கதவு திறக்கும்? பத்தாண்டுக் கனவு அன்று தராசில் நின்றது.

அடிகளார் ஓர் ஏழைக்குப் பிச்சையிட்டுக்கொண்டிருந்த வேளையில் ஜான் உள்ளே சென்றார். முதலில் விசுவாசக் கேள்விகள். பிறகு, வித்தையை யாரிடம் கற்றாய் என்ற கேள்வி. ஜான் பதற்றமின்றி, பதில் சொல்ல ஐந்து நிமிட அவகாசம் கேட்டு, சரியான மணி என்ன என்று பணிவாக வினவினார். அடிகளார் சட்டைப் பையில் கை விட்டார். கடிகாரத்தைக் காணோம்! அப்படியானால் ஒரு காசாவது தாருங்கள் என்றார் ஜான். பணப்பையையும் காணோம்! அடிகளாருக்குக் கோபம் பொங்கியது. நீ பேய்க்கு ஊழியம் செய்கிறாய், அல்லது பேய் உனக்கு ஊழியம் செய்கிறது என்று கடிந்து, பிரம்படி கொடுக்கும் அளவுக்குப் போய்விட்டார்.

ஜான் புன்னகை மாறாமல் விளக்கினார். பிச்சையிட்டபின் அடிகளார் பணப்பையை முழந்தாட்படியிட்டு செபிக்கும் பலகையின் மேல் மறந்து வைத்தார். அடுத்த அறைக்குச் செல்லும்போது கடிகாரத்தை ஒரு மேசை மேல் விட்டுச் சென்றார். ஜான் இரண்டையும் எடுத்து விளக்கின் மூடாக்கின் அடியில் வைத்திருந்தார். மூடாக்கைத் தூக்கியதும் இரண்டும் அங்கேயே இருந்தன! இதில் பேயும் இல்லை, மந்திரமும் இல்லை. தம்மிடமே பொருள் இருப்பதாக அடிகளார் நம்பியதுதான் வித்தை. அடிகளார் வாய்விட்டுச் சிரித்தார். இன்னும் சில வித்தைகளைச் செய்து காட்டச் சொல்லி இரசித்தார். அறியாமையே வியப்புக்குத் தாய் என்று நண்பர்களுக்குச் சொல்லும்படி கூறி, சிறு பரிசும் தந்து அனுப்பினார்.

கூத்தாடியோடு போட்டி

கியேரிக்கு ஒரு கூத்தாடி வந்து, ஞாயிறு வழிபாட்டு நேரத்திலேயே வித்தை காட்டிக் கூட்டத்தை இழுத்தான். மகிழ்ச்சிக் குழுவின் சார்பில் ஜான் அவனோடு போட்டியிட்டார். பந்தயப் பணத்தை நண்பர்கள் சேர்த்துக் கொடுத்தனர். ஓட்டத்தில் ஜான் வென்றார். 20 பிராங்கு கிடைத்தது. வாய்க்காலைத் தாண்டுவதிலும் வென்றார், 40 பிராங்கு.

மூன்றாவது, கோல் வித்தை. ஜான் ஒரு கோலின் நுனியில் தொப்பியை வைத்து, மறுநுனியை உள்ளங்கையில் நிறுத்தினார். கையால் தொடாமலே அதைச் சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொரு விரலாகத் தாவ வைத்து, முழங்கை, தோள், மோவாய், உதடு, மூக்கு, நெற்றி என ஏற்றி, வந்த வழியே உள்ளங்கைக்கு இறக்கினார். கூத்தாடியும் உதடு வரை அழகாகக் கொண்டுவந்தான். ஆனால் அவனுடைய மூக்கு சற்று நீளம்! கோல் அதில் இடித்துச் சாய்ந்தது. 80 பிராங்கு போயிற்று. கடைசியில் மரம் ஏறும் போட்டி. ஜான் உச்சியில் கைகளை ஊன்றி, கால்களை வானோக்கி நிமிர்த்தி, எதிராளியைவிட உயரம் எட்டினார். 100 பிராங்கு.

மொத்தம் 240 பிராங்கையும் இழந்த அந்த மனிதன் அழுதான். ஜானும் நண்பர்களும் அவன் மேல் இரக்கம் கொண்டனர். விடுதியில் ஒருவேளை விருந்து மட்டும் கொடுத்தால் போதும் என்று சொல்லி, மீதிப் பணத்தைத் திருப்பித் தந்தனர். இருபத்திரண்டு பேர் உண்டனர். வென்றவனைப் புகழும் உலகத்தில், தோற்றவனின் பசியை நினைத்தவர் ஜான்.

துறந்ததும் பெற்றதும்

1835 அக்டோபரில் ஜான் குருமட உடை அணிந்தார். அன்று சில தீர்மானங்களை எழுதினார். இனிச் சந்தைகளில் காட்சிகளுக்குச் செல்வதில்லை. செப்பிடு வித்தையும் கயிற்று நடையும் செய்வதில்லை என்பது அவற்றுள் ஒன்று. பத்தாண்டுகள் அடிபட்டுக் கற்ற கலையை, அதைவிடப் பெரிய ஒன்றுக்காக விட்டார்.

ஆனால் கற்றது வீண்போகவில்லை. 1841 ஜூன் 5-ஆம் நாள் குருப்பட்டம் பெற்ற அவர், தூரின் நகரச் சிறைகளில் சிறுவர்கள் வாடுவதைக் கண்டு உள்ளம் நொந்தார். அதே ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், பூசைக்கு உதவத் தெரியாததற்காகக் கோயிற்பிள்ளை அடித்து விரட்டிய ஓர் அநாதைக் கொத்துவேலைச் சிறுவனை அழைத்தார். எழுதத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் தெரியாது என்ற பதிலே வந்தது. சீட்டியடிக்கத் தெரியுமா என்றார். சிறுவன் சிரித்துவிட்டான்! மூடியிருந்த மனம் திறந்தது. அந்தச் சிரிப்பிலிருந்து அவருடைய இளைஞர் இல்லம் வளர்ந்தது. விளையாட்டும் பாட்டும் வேடிக்கை வித்தைகளும் அங்கே செபத்தோடு சேர்ந்தே இருந்தன. தாய் மார்கரீத்தா 1846 முதல், 1856-இல் இறக்கும் வரை, அச்சிறுவர்களுக்கும் தாயாக இருந்தார்.

1859-இல் சலேசிய சபையை நிறுவினார். 1872-இல் புனித மரிய மசரெல்லோவுடன் சேர்ந்து பெண்களின் கல்விக்காகச் சலேசியக் கன்னியர் சபையைத் தொடங்கினார். 1888 ஜனவரி 31-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 1906-இல் அவருடைய மக்கள் இந்தியாவில் முதன்முதலாகப் பணி தொடங்கிய இடம் நம் தஞ்சாவூர் என்பது நமக்குப் பெருமை. 1934 ஏப்ரல் முதல் நாள், உயிர்ப்புப் பெருவிழாவன்று, திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார். கத்தோலிக்க வித்தைக்காரர் பலர் அவரைத் தங்கள் பாதுகாவலராகக் கொண்டாடுகின்றனர்.

அன்புச் சகோதரிகளே! பார்ப்பவரை ஏமாற்றவும் வித்தை பயன்படும். சோர்ந்த முகத்தைச் சிரிக்க வைக்கவும் பயன்படும். வித்தை ஒன்றே, வைத்திருக்கும் மனம்தான் வேறு. பாட்டோ, கோலமோ, தையலோ, பேச்சோ, நமக்கும் ஏதேனும் ஒன்று கைவந்திருக்கும். அதைப் பொறுமையாய்ப் பழகுவோம். அதைக் கொண்டு ஓரமாய் நிற்கும் ஒருத்தியை நம் வட்டத்துக்குள் அழைப்போம். மாசில்லாத மகிழ்ச்சியும் ஒரு மறையுரையே என்பதைத் தொன் போஸ்கோவின் வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது.

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு