மின்னிசைச் சிற்பி ராபர்ட் மோக்

1934ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்த ராபர்ட் மோக், ரஷ்யரான தெரமின் 1920இல் கண்ட, கை படாமலே இசைக்கும் கருவியைப் பள்ளிப் பருவத்திலேயே செய்து பழகினார். அப்பழைய கருவியே அவருக்கு அரிச்சுவடி.

1964இல் இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சின் துணையோடு, தனித்தனிப் பகுதிகளால் அமைந்த சிந்தசைசரை உருவாக்கினார். ஒரு பகுதி ஒலியைப் பிறப்பிக்கும், ஒன்று வடிகட்டும், ஒன்று ஏற்றி இறக்கும். அனைத்தையும் மின்னழுத்தமே ஆளும். சொல்லடுக்கு மாறப் பொருள் மாறுவது போல, வடங்களின் இணைப்பு மாற ஒலி மாறும்.

கடன்சுமையால் 1971இல் அவர் பெயர் தாங்கிய நிறுவனம் கைமாறியது. 1977இல் விலகியபின், தாம் செய்த கருவிகளில் தம் பெயரையே பொறிக்க உரிமையின்றி நின்றார். ஆயினும் சோர்வுறாது தெரமின்களையே மீண்டும் செய்தார். 2002இல் பெயர் மீண்டது; 2005இல் மறைந்தார். பழையதைப் பயின்று புதியது கண்ட அவருடைய மின்சுற்றுகளைப் பயின்று, இன்றும் பலர் தம் கையாலேயே கருவி சமைக்கின்றனர்.