நாடக ஆசான் சங்கரதாஸ் சுவாமிகள்

ஏட்டைப் பார்த்துக் கற்கும் கல்வி ஒன்று. ஆசானின் அருகிருந்து கற்கும் கல்வி மற்றொன்று. கூத்து, நாடகம், பாட்டு, தாளம் ஆகியன இரண்டாம் வகையைச் சார்ந்தவை. குரல் எங்கே உயர வேண்டும், அடி எங்கே நிற்க வேண்டும் என்பதை எந்த ஏடும் முழுமையாகச் சொல்லிவிடாது; ஆசான் செய்து காட்ட, மாணாக்கன் பார்த்துச் செய்தல் வேண்டும். இவ்வழியில் கற்று, இவ்வழியிலேயே பிறர்க்கும் கற்பித்துத் தமிழ் நாடகத்தை நிலைநிறுத்திய பெருமகனார் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் ஆவார்.

சுவாமிகள் 1867 ஆம் ஆண்டு செப்டம்பர் 7 ஆம் நாள் தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரனார் இராமாயணத்தில் வல்ல புலவர்; அவரே மகனுக்கு முதலாசிரியர். பின்னர்ப் பழனி தண்டபாணி சுவாமிகளை அடுத்துத் தமிழ் இலக்கிய இலக்கணங்களைப் பயின்றார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அவருடன் பயின்ற ஒருசாலை மாணாக்கர். சிறிது காலம் தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையொன்றில் கணக்கராகப் பணியாற்றினார். எனினும் உள்ளம் கலையையே நாடியமையால், 24 ஆம் வயதில் நாடகக் குழுவிற் சேர்ந்தார்.

இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் போன்ற வேடங்களில் அவர் தோன்றினால் அவையோர் அஞ்சி நடுங்குவராம். ஒருநாள் சனீசுவரன் வேடத்தைக் கலைக்க விடியற்பொழுதில் நீர்நிலைக்குச் சென்றபோது, எதிரே வந்த கருவுற்ற பெண்ணொருத்தி அவரைக் கண்ட அச்சத்தால் பெருந்துன்பம் உற்றாள் என்றும், அதனால் மனம் வருந்திய சுவாமிகள் வேடம் புனைவதை விடுத்து ஆசிரியப் பணியை மேற்கொண்டார் என்றும் கூறுவர்.

இடையில் துறவு மனப்பான்மை மேலிட்டுத் தலயாத்திரை சென்றார். அக்காலத்தில் புதுக்கோட்டையில் அவரை அன்புடன் ஏற்றவர், கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உரியதாக்கிய மாமேதை மான்பூண்டியா பிள்ளை. பிள்ளையவர்கள் சுவாமிகளைத் தம் மகனாகவே கொண்டு இசையும் தாளமும் கற்பித்தார். ஏற்கெனவே புலவராகவும் நடிகராகவும் விளங்கிய ஒருவர் மீண்டும் மாணாக்கராய் அமர்ந்த அடக்கம் நாம் எண்ணி மகிழத்தக்கது. சுவாமிகளின் பாடல்களில் சந்தமும் தாளமும் பிழையின்றி இசைந்து வருவதற்கு இப்பயிற்சியும் ஒரு காரணம் எனலாம்.

அந்நாளைய நாடகங்களில் நடிகர்கள் தத்தம் விருப்பப்படி உரையாடலைப் பேசிவந்தனர். வரம்பு கடந்த பேச்சும் இடையில் புகும். சுவாமிகள் வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், அல்லி அர்ச்சுனா, இலவகுசா முதலிய நாடகங்களுக்குப் பாட்டும் உரையாடலும் வரையறுத்து எழுதிக் கொடுத்தார். மக்கள் அறிந்த கதைகளையே எடுத்துக்கொண்டு, அவற்றினூடே அறநூற் கருத்துகளையும் இனிய தமிழையும் ஊட்டினார்.

1910 ஆம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபையை நிறுவினார். பின்னாளில் இசையரசராய்ப் புகழ்பெற்ற எஸ். ஜி. கிட்டப்பா அச்சபையிற் பயின்றவர். 1918 இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். டி. கே. எஸ். சகோதரர்கள் அவ்வாண்டிலேயே அதிற் சேர்ந்தனர். அவர்களுள் சண்முகத்துக்கு அப்போது வயது 6. அச்சிறுவனின் திறமையைக் கண்டு உவந்த சுவாமிகள், அவனுக்கென்றே அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர்.

பாலர் சபை என்பது ஒரு குருகுலமே. உண்பதும் உறங்குவதும் பயில்வதும் ஓரிடத்தில். பாடம் முழுவதும் நெட்டுருவாக வேண்டும். மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். ஒரு வேடத்தை ஏற்றவன் மற்ற வேடங்களையும் கேட்டுக் கேட்டே அறிவான். பெற்றோரைப் பிரிந்து ஊர் ஊராய்த் திரிந்த அச்சிறுவர்களின் வாழ்வு எளிதன்று. நாடகக் கம்பெனிகளில் கண்டிப்பு மிகுதி. பள்ளிப் படிப்புக்கு வாய்ப்புக் குறைவு. அவ்வாழ்வு அப்படியே திரும்ப வேண்டும் என்று எவரும் விரும்பார். ஆயினும் அன்றாடம் ஆசானுடன் பழகிய பழக்கத்தால் விளைந்த பயனை மறுத்தற்கில்லை.

அப்பயனுக்கு ஸ்பெஷல் நாடகமே சான்று. வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகையே இன்றி ஓரிரவு ஒன்றுகூடி வள்ளி திருமணத்தை நடத்திவிடுவர். எல்லாரும் கற்ற பாடம் ஒன்றாயிருப்பதே இதற்குக் காரணம். மதுரை, புதுக்கோட்டை வட்டாரக் கோவில் விழாக்களில் இன்றும் இதனைக் காணலாம்.

பிற்காலத்தில் சுவாமிகள் பக்கவாத நோயால் வாடினார். 1922 நவம்பர் 13 ஆம் நாள் புதுச்சேரியில் இயற்கை எய்தினார். கருவடிக்குப்பத்தில் அவரது நினைவிடம் உள்ளது. ஆனால் அவர் ஏற்றிய விளக்கு அணையவில்லை. டி. கே. எஸ். சகோதரர்கள் 1925 இல் சொந்தச் சபை கண்டனர். அங்கே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் வளர்ந்தார். ஔவை சண்முகம் என்று நாடு போற்றிய அச்சிறுவரிடம் பின்னாளில் கமல்ஹாசன் பயின்றார். ஓர் ஆசானின் பாடம் மாணாக்கர் வழி மாணாக்கராய் இவ்வாறு தொடர்ந்தது.

சாந்திபுரத்திலும் சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நமக்கு இவ்வரலாறு கூறுவது யாது? நம் வட்டாரத்துத் திரௌபதியம்மன் கோவில்களில் பாரதமும் கூத்தும் நடைபெறும் மரபு உண்டு. நம் குழந்தைகளோ பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் கற்கின்றனர், அது வேண்டுவதே. ஆனால் ஒரு கும்மியையோ, ஒரு கூத்துப் பாட்டையோ அவர்கள் யாரிடம் கேட்டறிவர்? ஆண்டு விழாவில் ஒரு நாள் மேடையேற்றுவதால் மட்டும் கலை வளராது. அறிந்த முதியவர் ஒருவர், ஆர்வமுள்ள சிறுவர் நால்வர், வாரந்தோறும் ஒரு மாலை: இவை போதும். சங்கம் இடம் தரட்டும். பெற்றோர் பிள்ளைகளை அனுப்பட்டும். சுவாமிகளுக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி அதுவேயாகும்.