சொந்த வீடில்லாத பேராயர் பிரான்சிஸ் ஆஸ்பரி

ஆண்டு மாநாடு நெருங்கினால் மெதடிஸ்ட் குடும்பங்களில் ஒரு பேச்சு எழும்: நம் போதகருக்கு இந்த முறை மாற்றல் வருமா? பத்து பெரண்டாம் பக்கம் ஆனாலும் சரி, தோட்டப்புறம் ஆனாலும் சரி, போதகர் ஒரே ஊரில் வேர்விடுவதில்லை. இந்த வழக்கத்தை இங்கிலாந்தில் தொடங்கியவர் ஜான் வெஸ்லி. அதை அமெரிக்காவில் பிடிவாதமாக நிலைநாட்டியவர் பிரான்சிஸ் ஆஸ்பரி. அந்த அமெரிக்கச் சபைதான் 1885-இல், பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டமை சிங்கப்பூருக்கு அனுப்பி, மலாயாவில் மெதடிஸ்ட் பணியைத் தொடங்கியது.

ஆஸ்பரி 1745-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகருக்கு அருகே எளிய குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. இரும்புப் பட்டறையில் தொழில் பழகினார். 1771-இல் அமெரிக்கா செல்ல யார் தயார் என்று வெஸ்லி கேட்டபோது முன்வந்தார். அக்டோபர் மாதம் பிலடெல்பியாவில் இறங்கியபோது அவருக்கு வயது 26. பெற்றோரை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. தன் சொற்ப வருமானத்தில் மிச்சம் பிடித்து அவர்களுக்குப் பணம் அனுப்பி வந்தார்.

அங்கிருந்த போதகர்கள் நியூயார்க், பிலடெல்பியா போன்ற நகரங்களிலேயே தங்கிவிட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. சிதறிக் கிடந்த பண்ணை வீடுகளுக்கு யார் போவது? அவரே குதிரையேறினார். ஒரு வட்டத்தில் இருபது, முப்பது இடங்கள்கூட இருக்கும். ஆலயக் கட்டடம் அபூர்வம். ஒருவர் வீட்டுக் கூடத்திலோ களஞ்சியத்திலோ ஆராதனை. சுற்றி முடிக்க நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். முடிந்ததும் மறுபடி முதல் ஊர்.

சுதந்திரப் போர் மூண்டதும் மெதடிஸ்டுகள் ஆங்கில அரசரின் ஆட்கள் என்று சந்தேகிக்கப்பட்டனர். வெஸ்லி அரசர் பக்கம் நின்று எழுதியது நிலைமையை இன்னும் கெடுத்தது. அவர் அனுப்பிய மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறினர். ஆஸ்பரி போகவில்லை. மேரிலாந்து அரசு கேட்ட சத்தியப் பிரமாணத்தையும் எடுக்கவில்லை. டெலவேரில் ஒரு நீதிபதியின் வீட்டில் பல மாதங்கள் ஒதுங்கியிருந்தார். கூடவே இருந்தவர் என்ற இந்தப் பெயர்தான் பின்னால் அவருக்குத் துணை நின்றது.

1784 கிறிஸ்துமஸ் சமயத்தில் பால்டிமோரில் கூடிய போதகர்கள் தனிச் சபை அமைத்தார்கள். வெஸ்லியின் நியமனம் மட்டும் போதாது, உடன் ஊழியர்கள் வாக்களிக்க வேண்டும் என்றார் ஆஸ்பரி. வாக்களித்தார்கள். ஆனால் யார் எந்த வட்டத்துக்குப் போவது என்ற முடிவை மட்டும் அவர் கடைசிவரை தன் கையிலேயே வைத்திருந்தார். அந்த நியமனங்களை எதிர்த்து முறையிடும் உரிமை கேட்ட ஜேம்ஸ் ஓகெல்லி, அது மறுக்கப்பட்டதால் 1792-இல் ஒரு கூட்டத்தோடு பிரிந்து போனார்.

கடுமை அவருக்கும் சேர்த்துத்தான். போதகருக்கு ஆண்டுக்கு 64 டாலர் என்றால் பேராயருக்கும் அதே 64. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. மணமான போதகர்கள் வட்டத்தை விட்டு ஊரோடு தங்கிவிடுவதைப் பார்த்து வருந்தினார். மழையிலும் காய்ச்சலிலும் அலைந்த அந்த இளைஞர்களில் பலர் முப்பது வயதைத் தாண்டவில்லை. அந்த விலை சற்று அதிகம்தான்.

அடிமை முறையை அவர் வெறுத்தார். 1785-இல் தாமஸ் கோக்குடன் ஜார்ஜ் வாஷிங்டனின் வீட்டுக்கே போய், விடுதலை மனுவுக்கு ஆதரவு கேட்டார். கறுப்பினப் போதகர் ஹாரி ஹோசியர் அவருடன் பயணம் செய்து பிரசங்கித்தார். அவரைக் கேட்கவே கூட்டம் திரண்ட ஊர்களும் உண்டு. ஆனால் தெற்கே தோட்ட முதலாளிகள் கதவை அடைத்தபோது ஆஸ்பரி இறங்கிவந்தார். 1808-இல் தென் கரோலினாவுக்கென்று, அடிமை முறை பற்றிய பகுதியை நீக்கிய சபைச் சட்டப் புத்தகம் அச்சானது. தோட்டத்தில் உழைத்தவர்களிடம் போவதற்கு முதலாளியின் அனுமதி வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு அவரைக் கடைசிவரை உறுத்தியது.

சுமார் 130,000 மைல் குதிரைப் பயணம். அப்பலாச்சிய மலைத்தொடரை அறுபது முறைக்கு மேல் கடந்தார். பேராயர் ஆஸ்பரி, அமெரிக்கா என்று முகவரி எழுதினாலே கடிதம் சேர்ந்துவிடும் என்பார்கள். அவர் வந்தபோது சில நூறாக இருந்த உறுப்பினர்கள், அவர் மறைந்தபோது இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தனர்.

1816 மார்ச் மாதம், நிற்கவும் முடியாத நிலையில் ரிச்மண்ட் ஆலயத்துக்குத் தூக்கிச் செல்லப்பட்டார். மேசை மீது உட்காரவைக்க, அங்கிருந்தபடியே கடைசிப் பிரசங்கம் செய்தார். ஒரு வாரம் கழித்து, மார்ச் 31-ஆம் தேதி, வழியில் வர்ஜீனியாவில் நண்பர் ஒருவரின் வீட்டில் உயிர் பிரிந்தது. அந்தக் குடும்பத்தின் நிலத்திலேயே அடக்கம் நடந்தது. சில வாரங்களில் சபையார் உடலைத் தோண்டி எடுத்து, அவர் போகவிருந்த பால்டிமோருக்கே கொண்டு சென்றனர்.