சவுதார் குளத்திலிருந்து 368ஆம் உறுப்பு வரை

அரசமைப்புச் சட்டத்தைத் திருத்துவதற்கு ஏன் இத்தனை தடைகள் என்று மாணவத் தோழர்கள் பலர் கேட்கின்றனர். மாற்றத்தை வேண்டிப் போராடும் நமக்கும் அக்கேள்வி உண்டு. விடையைப் புரட்சியாளர் அம்பேத்கரின் வாழ்விலேயே நாம் காண்கிறோம்.

1891இல் மோவ் நகரில் பிறந்த அவர், 1927 மார்ச் 20 அன்று மகாத்தின் சவுதார் குளத்தில் மக்களோடு இறங்கி நீர் அருந்தினார். அக்குளம் தீண்டத்தகாதோர் எனப்பட்டோருக்கும் உரியது என்று 1924இலேயே நகராட்சி தீர்மானித்திருந்தது. சாதி இந்துக்கள் கொதித்தெழுந்ததும், அதே நகராட்சி 1927 ஆகஸ்டில் அத்தீர்மானத்தை இரத்துச் செய்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கு வெல்வதற்கு 1937 ஆயிற்று.

1932 ஆகஸ்ட் 16 அன்று பிரித்தானியப் பிரதமர் மெக்டொனால்டின் அறிவிப்பு ஒடுக்கப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதிகளை வழங்கியது. காந்தியாரின் உண்ணாநோன்பு தந்த நெருக்கடியில், செப்டம்பர் 24 அன்று அம்பேத்கர் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். மாகாணச் சட்டமன்ற இடங்கள் 71இலிருந்து 148 ஆயின. ஆனால் தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை 39 நாள்களில் பறிபோயிற்று.

தீர்மானத்தால் வந்தது தீர்மானத்தால் போயிற்று. அறிவிப்பால் வந்தது நெருக்கடியில் போயிற்று. 1947 ஆகஸ்ட் 29 அன்று வரைவுக் குழுவில் இடம்பெற்று அதன் தலைவரான அம்பேத்கர், இவ்விரு இழப்புகளையும் நேரில் கண்டவர். அக்குழுவின் வரைவிலிருந்து உருவான சட்டத்தில் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 32ஆம் உறுப்பு உச்ச நீதிமன்றத்தை நேரே அணுகும் உரிமையளித்தது. 368ஆம் உறுப்போ, ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேற்பட்டோரும், வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினரும் இசைந்தாலன்றித் திருத்தம் இயலாது என்றது.

இத்தடை நமக்கு எதிராகவும் திரும்பியது. 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராசன் வழக்கில், சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை உச்ச நீதிமன்றம் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. தமிழகம் கிளர்ந்தெழுந்தது. அம்பேத்கர் சட்ட அமைச்சராயிருந்த அவ்வாண்டு சூனிலேயே, முதல் திருத்தத்தின்வழி 15(4) சேர்க்கப்பட்டது. உரிமையை விரிவாக்கப் பரந்த ஆதரவு திரண்டபோது அத்தடையைக் கடக்க முடிந்தது.

1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார். தாமதத்தின் விலையை முதலில் செலுத்துவோர் ஒடுக்கப்பட்டோரே என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், ஊர்ப் பெரும்பான்மையை எந்நாளும் எதிர்கொள்ளும் சிறுபான்மையினர் நாம். ஒரே இரவில் நமக்கு நன்மை தரக்கூடிய அதிகாரம், ஒரே இரவில் அதனைத் திரும்பப் பெறவும் கூடும். ஆகவே 368இன் தடைகளைத் தளர்த்தக் கோரும் குரல் எத்திசையிலிருந்து எழுந்தாலும், மகாத் நகராட்சியின் இரண்டாம் தீர்மானத்தை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.