தன் கூலியைத் தானே சொன்ன பெண்



தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தை நம் பெரியவர்கள் இன்னும் பேசுகிறார்கள். பீடோங் பக்கமானாலும் கூலிம் பக்கமானாலும், 'ஔவையார்' என்று சொன்னால் போதும், கையில் கோலோடு பாடி வரும் அந்தப் பாட்டி அவர்கள் கண் முன்னால் நிற்பார். பாட்டியை நமக்குத் தெரியும். அவர் சின்னப் பெண்ணாய்ப் பட்ட பாடு எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த வாரம் கே.பி. சுந்தராம்பாள் அம்மையாரின் இளமைக் காலத்தைச் சொல்லுகிறோம்.

1908-ல் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தவர் அம்மையார். பெயருக்கு முன்னால் நிற்கும் 'கே' ஊரின் பெயர். 'பி' தாயார் பாலாம்பாளின் பெயர். தகப்பனை இழந்த வீடு. ஒற்றைத் தாய், சின்னச் சின்னப் பிள்ளைகள், அடுப்பில் உலை இல்லை. இந்தக் கதை நமக்குப் புதுசா என்ன? அந்தச் சிறுமியிடம் இருந்ததெல்லாம் ஒரு தொண்டைதான். ரயில் வண்டியில் ஏறிப் பாடுவாள். கிடைத்த சில்லறையைக் கொண்டுபோய் வீட்டில் கொடுப்பாள்.

அப்படிப் பாடும்போதுதான், ரயில்வேயில் வேலை பார்த்தவரும் நாடகப் பற்றுள்ளவருமான எஃப்.ஜி. நடேச ஐயரின் காதில் அந்தக் குரல் விழுந்தது. அவர் மூலமாகச் சிறுமி வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்தாள். முதல் வேஷம் என்ன தெரியுமா? 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் அழுகிற பிள்ளை! பசியை அவளுக்கு யார் சொல்லிக் கொடுக்க வேணும்? மேடையில் நின்று பாடினாள். சபையே கண்ணீர் விட்டது.

பிறகு நாடகத்துக்காக இலங்கைக்குப் போனார். அங்கேதான் 1926-ல் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து நடித்தார். இரண்டு பேரும் குரலால் போட்டி போட்டார்கள் என்றே சொல்லலாம். அடுத்த வருஷம் கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு, சாதியும் வேறு. ஊர்வாய் சும்மா இருக்குமா? வாழ்க்கை நிம்மதியாக ஓடவில்லை. 1933-ல் கிட்டப்பா இறந்துபோனார். அம்மையாருக்கு அப்போது வயது 25. அன்று கட்டிய வெள்ளைச் சேலையைக் கடைசிவரை மாற்றவில்லை. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். தேசியத்துக்கும் கதருக்கும் பாடினாரே தவிர, மேடை நாடகத்தை விட்டு ஒதுங்கினார்.

அந்த நேரத்தில்தான் பட முதலாளி அசன்தாஸ் வந்தார். 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடிக்க வேணும் என்று கேட்டார். அம்மையாருக்கு இஷ்டமில்லை. ஆளை விரட்டிவிடலாம் என்று, சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்று சொல்லிவிட்டார். முதலாளியோ சரி என்றுவிட்டார்! 1935-ல் படம் வெளிவந்தது. அந்தக் காலத்தில் நம் மலாயாத் தோட்டங்களில் ஆணுக்கு ஒரு நாள் கூலி சுமார் அரை வெள்ளி. பெண்ணுக்கு அதிலும் குறைவு. லட்சத்தின் கனம் இப்போது விளங்குகிறதா?

வேஷத்தையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நந்தனார் யார்? பண்ணையில் மாடாய் உழைக்கும் ஆள். ஒரே ஒரு நாள் சிதம்பரம் போய் வர ஆண்டையிடம் அனுமதி கேட்டுக் கேட்டு அலுத்தவர். தீபாவளிக்கு லீவு கேட்டுக் கிராணி முன்னால் கைகட்டி நின்ற நம் தாத்தாமாருக்கு அந்த வேதனை தெரியும். அந்த வேஷத்தை ஒரு பெண், அதுவும் பசியில் வளர்ந்த பெண், கட்டினார்.

அதன் பிறகு 1940-ல் 'மணிமேகலை', 1953-ல் 'ஔவையார்'. சென்னை மேலவையிலும் உறுப்பினராக உட்கார்ந்தார். 1980-ல் மறைந்தார். இவ்வளவுக்கும் தொடக்கம், ரயிலில் பாடிய அந்தப் பத்துக் காசுப் பாட்டுத்தான்.

இதை ஏன் எழுதுகிறோம்? சங்க வேலையாகத் தோட்டங்களுக்குப் போகும்போது பார்க்கிறோம்: கோயில் திருவிழாவில் நன்றாகப் பாடும் பெண்பிள்ளையை அடுத்த வருஷம் மேடையில் காணோம். கேட்டால், கூத்தாடிப் பொழைப்பு நமக்கு எதுக்கு என்கிறார்கள். தாய்மார்களே, பாட்டும் உழைப்புத்தான். வியர்வை சிந்தித்தான் அதுவும் வருகிறது. பிள்ளையின் குரலை அடக்காதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அம்மையார் தன் கூலியைத் தானே சொல்ல முடிந்தது. ஏனென்றால் அந்தக் குரல் ஒன்றே ஒன்று. பால்மரம் வெட்டும் கைகள் ஆயிரம். ஒரு கை தனியாகக் கூலி கேட்டால், நாளைக்கு வேறு கை வந்துவிடும். ஆகவே நாம் எல்லாரும் சேர்ந்து, ஒரே குரலில்தான் நம் விலையைச் சொல்ல வேணும். அதற்குத்தான் சங்கம். அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்; பாடத் தெரிந்த பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.